உறங்குவோர் வாய்நீர்: ஒரு சிறு வரலாறு

மாலை ஐந்தரை மணிக்குமேல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் நோக்கிப் புறப்படும் மின்தொடர் வண்டியில் உட்கார இடம் கிடைத்தவர்களுள் பாதிப்பேர் எழும்பூரைத் தாண்டுவதற்குள் உறங்கிவிடுவர். நுங்கம்பாக்கத்தில் தலை சாயும். மாம்பலத்தில் வாய் சற்றே திறக்கும். கிண்டி வருவதற்குள் உதட்டோரத்தில் ஒரு நீரிழை இறங்கத் தொடங்கியிருக்கும். பல்லாவரத்தில் யாரோ முண்டியடித்து இறங்கும்போது விழித்துக்கொள்பவர், தம் நிலையம் கடந்துவிட்டதா என்று முதலில் பார்ப்பதில்லை. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, எவரேனும் பார்த்துவிட்டனரா என்று சுற்றுமுற்றும் நோக்குவார். இருபது ஆண்டுகளாக இவ்வழியில் கல்லூரிக்குச் சென்றுவரும் எனக்கு அந்தப் பார்வை நன்கு பழக்கம். நானும் பலமுறை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

என் தந்தையார் இதே தடத்தில் முப்பதாண்டுகளுக்குமேல் அலுவலகம் சென்று வந்தவர். 2017இல் அவருக்கு நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய், இருப்பதாக மருத்துவர் கூறினார். கைநடுக்கம் எங்களுக்குத் தெரிந்திருந்தது. வாயோரம் நீர் வழிவதும் அந்நோயைச் சேர்ந்ததே என்பது தெரியாது. 2019இல் ஒருநாள் இருவரும் வண்டியில் வந்துகொண்டிருந்தோம். அவர் கண்ணயர்ந்தார். பக்கத்தில் இருந்த இளைஞரின் தோற்பை மீது இரண்டு சொட்டு விழுந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. பையை இழுத்துக்கொண்டு எழுந்துபோய்க் கதவோரம் நின்றுகொண்டார். அப்பா விழித்திருந்தார் போலும். அதன்பின் அவர் வண்டி ஏற மறுத்துவிட்டார்.

இலக்கியம் பேசும் இப்பக்கத்தில் இப்படியும் ஒரு பொருளா என நண்பர்கள் முகம் சுளிக்கலாம். அந்தச் சுளிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

*

தமிழில் இந்நீருக்குப் பெயர்கள் பல. பாடநூலில் அது உமிழ்நீர். பழைய வழக்கில் வாய்நீர். ஊர்ப்புறத்தில் சொள்ளு. அதுவே திரைப்படத்தின் வழியாகவும் கல்லூரி மாணவரின் வழியாகவும் 'ஜொள்ளு' ஆகி, பெண்களை வெறித்துப் பார்ப்பதற்குப் பெயராயிற்று. ஓயாமல் வழியும் வாய்க்குச் 'சாளைவாய்' என்று ஒரு சொல் இருந்தது. அதில் ஏளனம் கலந்திருக்கும். எல்லாவற்றினும் பரவலான சொல் எச்சில். 'எஞ்சு' என்னும் வினையடியிலிருந்து எச்சம், எச்சில் ஆகியன பிறந்தன என்பர். எஞ்சியது, மிஞ்சியது என்பதே அதன் முதற்பொருள். பெயரெச்சம், வினையெச்சம் என்று வகுப்பில் கற்பிக்கிறோமே, அந்த எச்சமும் இதற்கு உறவுதான். ஒருவர் உண்டு மிஞ்சிய சோற்றுக்கு வந்த பெயர், அச்சோற்றைத் தீண்டிய வாயின் ஈரத்துக்கும் ஆகிவந்தது. ஆகவே எச்சில் என்ற சொல்லைச் சொல்லும்போதே, யாருடைய வாய் என்ற கேள்வியும் உடன் வந்துவிடுகிறது.

நம் இலக்கியமும் இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. திருக்குறளின் காதற்சிறப்புரைத்தல் அதிகாரத்தில் முதற்குறளே (1121), காதலியின் வெண்பற்களிடையே ஊறிய நீரைப் பாலும் தேனும் கலந்த கலவைக்கு ஒப்பிடுகிறது. பெரியாழ்வார், நிலவை அழைத்து விளையாடும் குழந்தைக் கண்ணனின் வாயிலிருந்து ஊறுவதை அமுதம் என்கிறார். மழலை தெளியாத வயது, வாய் ஓயாமல் வழியும் வயது. வீட்டில் குழந்தை வளர்த்த எவருக்கும் அந்தக் காட்சி தெரியும். ஆண்டாள் வெண்சங்கிடம் மாதவனின் வாய்ச்சுவையைப் பற்றி விசாரிக்கிறாள். பெரியபுராணத்தில் கண்ணப்பர், நீராட்டுவதற்கு வேறு கலம் இல்லாமல் ஆற்றுநீரை வாயிலேயே முகந்துவந்து காளத்திநாதர் மேல் உமிழ்கிறார். சிவகோசரியார் பதறுகிறார். அவருடைய கனவில் தோன்றிய இறைவனோ, அந்நீர் கங்கையினும் தூயது என்கிறார். குழந்தை, காதலி, அடியவர் என்று அன்புக்கு உரியவராயின் அமுது. அயலாராயின் எச்சில். பொருள் ஒன்றே, வாய்க்கு உரியவரைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

அந்த இளைஞரைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை. உறவினர் சிலர் வீட்டுக்கு வந்திருந்த ஒருநாள், "அப்பா, வாயைத் துடைச்சுக்குங்க" என்று நானே சற்று உரக்கச் சொன்னேன். அவர் துடைத்துக்கொண்டு, துண்டோடு எழுந்து உள்ளறைக்குச் சென்றார். விருந்தினர் போகும்வரை வெளியே வரவில்லை. பெரியாழ்வாரை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவன் நான்.

*

உறங்கும்போது வாய்நீர் ஏன் வழிகிறது? மிகுதியாகச் சுரப்பதனால் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அது தவறு என்பதை அறிய, இந்நீரின் ஊற்றுக்கண்களை மனிதர் கண்டறிந்த கதையைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

வாயில் நீர் எங்கிருந்து வருகிறது என்பது பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தெளிவாகவில்லை. 1656இல் இலண்டன் மருத்துவர் தாமஸ் வார்ட்டன் கீழ்த்தாடைச் சுரப்பியிலிருந்து நாவின் அடியில் வந்து திறக்கும் குழாயை விவரித்தார். 1660இல் டென்மார்க் நாட்டு மாணவர் நீல்ஸ் ஸ்டென்சன், அப்போது இருபத்திரண்டு வயது, ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத்தலையை வாங்கி அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் ஒரு குழாய் தென்பட்டது. அதற்குள் ஊசி போன்ற கருவியைச் செலுத்தியபோது அது பற்களில் மோதி ஓசை எழுப்பிற்று. காதருகேயுள்ள சுரப்பியின் நீர் வாய்க்குள் வந்துசேரும் வழி அதுதான். அவருடைய ஆசிரியரே அந்தக் கண்டுபிடிப்பு தம்முடையது என்று உரிமை கொண்டாட, பெரும் வழக்காடல் நடந்தது. இன்றைக்கும் அக்குழாய் ஸ்டென்சன் பெயரால்தான் வழங்குகிறது.

காதருகே ஓரிணை, கீழ்த்தாடையில் ஓரிணை, நாவடியில் ஓரிணை என மூன்று இணைப் பெருஞ்சுரப்பிகளும் எண்ணற்ற சிறுசுரப்பிகளும் சேர்ந்து நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை நீர் சுரக்கின்றன. இவ்வளவும் எங்கே போகிறது? நம்மை அறியாமல் விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். விழித்திருக்கும் நேரத்தில் சில நூறு முறை விழுங்குகிறோம். இதைப் படிக்கும்போதே நீங்கள் ஒருமுறை விழுங்கியிருப்பீர்கள். இப்போது அது நினைவுக்கு வந்ததால் இன்னொருமுறையும் விழுங்குவீர்கள்.

இரஷ்ய அறிஞர் பாவ்லோவை அறியாதவர் இல்லை. செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். உணவுக்கு முன் ஒலிக்கும் ஓசையைக் கேட்டதுமே நீரூறும் நாய்களின் வாய்நீரைத் துளித்துளியாக அளந்தவர். அந்த ஆய்வில் ஓர் இடையூறு இருந்தது. ஆளரவமற்ற அறையில் ஒரேவிதமான ஓசையை மீண்டும் மீண்டும் கேட்ட நாய்கள் உறங்கிவிடும். இடையூறென்று விலக்காமல் அவர் உறக்கத்தையே ஆராயத் தொடங்கினார். பிற்பகல் வகுப்பில் யாப்பருங்கலம் நடத்துகிற எனக்கு அந்த நாய்களின் நிலை எளிதில் விளங்குகிறது.

பின்னர் வந்தவர்கள் மனிதர்களை அளந்தார்கள். உறக்கத்தில் வாய்நீர்ச் சுரப்பு மிகமிகக் குறைந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்ட முதல் உண்மை. காதருகுச் சுரப்பி ஏறக்குறைய நின்றேவிடுகிறது. காலையில் வாய் உலர்ந்து நாறுவதும், இரவில் பல்துலக்காதவர்க்குப் பற்சொத்தை விரைவதும் இதனால்தான். அப்படியாயின் தலையணை ஏன் நனைகிறது? விழுங்குவது அதனினும் குறைந்துவிடுகிறது என்பதே விடை. உறக்கத்தில் மணிக்குச் சிலமுறைதான் விழுங்குகிறோம். இருபது நிமிடங்களுக்கும் மேலாக ஒருமுறைகூட விழுங்காமல் கிடப்பதும் உண்டு. சிறிதளவே சுரந்தாலும் அது வாயில் தேங்குகிறது. மல்லாந்து படுத்தவர்க்கு அது தொண்டைப் பக்கம் சரிந்துவிடும். ஒருக்களித்தோ குப்புறவோ படுத்தவர்க்குக் கன்னத்தில் தேங்கி, உதடு தளர்ந்த கணத்தில் வெளியேறும். 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் கண்விழிகள் விரைந்தசையும் உறக்கநிலையைக் கண்டறிந்து அறிவித்தார்கள். கனவுகள் மிகுந்த அந்நிலையில் உடலின் தசைகள் பெரிதும் தளர்ந்துவிடுகின்றன என்பது அடுத்துவந்த ஆய்வுகளில் தெரியவந்தது. தாடையும் உதடும் அதற்கு விலக்கல்ல. சளி பிடித்து மூக்கடைத்தவர் வாயால் மூச்சுவிடுவார், வாய் திறந்தேயிருக்கும். சளிக்காலத்துத் தலையணை உறையைத் துவைத்தவர்களுக்கு இது தெரிந்ததுதான்.

மாலை வண்டிக்கு வேறொரு காரணமும் உண்டு. வாய்நீர்ச் சுரப்பு நாள் முழுதும் ஒரே சீராக இருப்பதில்லை. கொலின் டாஸ் என்னும் ஆய்வாளர் 1970களில் அளந்து காட்டியபடி, பிற்பகலின் பின்பகுதியில் அது உச்சத்தை எட்டி, இரவில் அடித்தளத்துக்கு இறங்குகிறது. அதாவது, அலுவலகம் விட்டு நாம் வண்டியேறும் நேரம் ஊற்று நிறைந்திருக்கும் நேரம். அந்நேரத்தில் உட்கார்ந்தபடியே, தலையை முன்னுக்கோ பக்கவாட்டிலோ தொங்கவிட்டு உறங்குகிறோம். தொண்டைப் பக்கம் சரிய வழியில்லாத நீர் வேறெங்கே போகும்? கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் மீட்டர் பாதையில் 1931இல் மின்வண்டி ஓடத் தொடங்கிய நாள்முதல், இத்தடத்தில் எத்தனை தலைமுறைத் தோள்கள் நனைந்திருக்குமோ!

*

அந்த வண்டி குரோம்பேட்டையைத் தாண்டியதும் ஒரு நிலையத்தில் நிற்கிறது. அதன் பெயர் தாம்பரம் சானடோரியம். பெயரிலேயே ஒரு மருத்துவமனையைச் சுமக்கும் அந்நிலையத்தில் இறங்கும் பலருக்கு அச்சொல்லின் பொருள் தெரியாது. வாயின் ஈரத்தை நாம் அஞ்சக் கற்றுக்கொண்ட கதையில் அந்த இடத்துக்கும் பங்குண்டு.

1928இல் மருத்துவர் டேவிட் சவுரி முத்து அங்கே பன்னிரண்டு படுக்கைகளுடன் காசநோயாளருக்கான ஆரோக்கிய நிலையத்தைத் தொடங்கினார். அவர் இங்கிலாந்தில் பயின்று, அங்கேயே மெண்டிப் குன்றுகளில் இத்தகைய நிலையம் ஒன்றை நடத்தியவர். 1917இல் கணித மேதை இராமானுசன் சிலகாலம் அங்கே அவருடைய மருத்துவத்தில் இருந்தார். மருந்து இல்லாத அந்நாளில் திறந்த வெளி, தூய காற்று, ஓய்வு, நல்லுணவு இவையே மருத்துவம். தாம்பரத்தின் காற்று அதற்கு ஏற்றது என்று அவர் கருதினார். பின்னர் அரசு அந்நிலையத்தை ஏற்றது. இன்றைக்கு அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 1990களில் எச்.ஐ.வி. நோயாளரைப் பிற இடங்கள் வாயிலிலேயே திருப்பியனுப்பிய காலத்தில், அவர்களை உள்ளே அழைத்துப் பேணியதும் இதே வளாகம்தான்.

1882 மார்ச் 24இல் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை உலகுக்குக் காட்டிய பின்னர், நோயாளியின் கோழையில் அக்கிருமி இருப்பது தெரிந்ததும், துப்புதல் என்பது குற்றமாயிற்று. ஜெர்மானிய மருத்துவர் டெட்வைலர் 1889இல் நோயாளிகள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள நீலக்கண்ணாடிக் குடுவை ஒன்றை உருவாக்கினார். ஆரோக்கிய நிலையங்களில் ஒவ்வொருவருக்கும் துப்பற்கலம். பொது இடங்களில் 'எச்சில் துப்பாதீர்' என்னும் பலகை. இவை யாவும் நல்ல நோக்கத்தில் எழுந்தவையே. கண்ட இடத்தில் துப்புவதை நான் ஆதரிக்கவும் இல்லை. ஆயின் மக்கள் மனத்தில் கோழையும் எச்சிலும் வாய்நீரும் ஒன்றாகக் குழம்பிப்போயின. காசநோயாளியின் தட்டை ஒதுக்கினார்கள், குவளையை ஒதுக்கினார்கள், பின்பு ஆளையும் ஒதுக்கினார்கள்.

காசநோய் உண்மையில் பரவும் வழி காற்று. இருமும்போது தெறித்து, உலர்ந்து, மிதக்கும் நுண்துகள்கள் வழியாகவே அது பரவுகிறது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரைலி என்பவரும் உடனிருந்தோரும், காசநோயாளர் அறையின் காற்றைக் கூரைமேல் இருந்த கினியெலிக் கூண்டுகளுக்குச் செலுத்தி இதை மெய்ப்பித்தனர். அவ்விலங்குகள் நோயாளியின் தட்டையோ குவளையையோ தொட்டதில்லை. நம் சென்னையில், சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையமும் இதே காலத்தில் ஒரு பெரும் வினாவுக்கு விடை தந்தது. 1959இல் வெளியான அதன் முடிவு, வீட்டிலிருந்தே மருந்துண்ட ஏழை நோயாளிகளும் ஆரோக்கிய நிலையத்தில் தங்கி மருந்துண்டவர்களைப் போலவே குணமடைகின்றனர் என்பது. மருத்துவம் தொடங்கியபின் வீட்டார்க்கு அதனால் கூடுதல் தீங்கும் நேரவில்லை. சானடோரியம் என்ற அமைப்பே உலகெங்கும் மங்கியதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். நோயாளியை ஊருக்கு வெளியே வைக்கத் தேவையில்லை என்று உலகுக்குச் சொன்ன நகரம் சென்னை. இதை நாம் போதிய அளவு சொல்லிக்கொள்வதில்லை என்பது என் ஆதங்கம்.

கிருமி அச்சத்துக்கு முன்னரே நம் நாட்டில் வேறோர் அச்சம் இருந்தது. பேஷ்வாக்களின் பூனாவில் தீண்டப்படாதோர் எனப்பட்டவர்கள் தம் எச்சில் மண்ணில் விழாதிருக்கக் கழுத்தில் மட்கலம் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் பதிந்திருக்கிறார். தமிழகத்துத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையும் அதே அச்சத்தின் வழிவந்ததுதான். டெட்வைலரின் குடுவையில் கிருமி என்றொரு காரணமாவது இருந்தது. கழுத்துக் கலத்தில் அதுவும் இல்லை. வண்டியில் ஓர் அயலாரின் வாய்நீர் மேலே பட்டவுடன் நமக்குள் எழும் அருவருப்பில் எந்தப் பங்கு தூய்மை, எந்தப் பங்கு நோயச்சம், எந்தப் பங்கு அந்தப் பழைய கலம் என்று பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. எனக்கு அது எளிதாக இருக்கவில்லை.

*

மீண்டும் அப்பாவிடம் வருகிறேன். நரம்பியல் மருத்துவரிடம் சென்றிருந்தபோது, "எச்சில் ரொம்ப சுரக்குது டாக்டர், அதைக் குறைக்க மருந்து இருக்கா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "உங்க அப்பாவுக்கு மத்தவங்களைவிடக் கம்மியாத்தான் சுரக்கும் சார். விழுங்கறதுதான் குறைஞ்சுபோச்சு" என்றார்.

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் நடுக்குவாதம் பற்றிச் சிறுநூல் ஒன்றை எழுதினார். ஆறே நோயாளிகள், அவர்களுள் சிலரை அவர் தெருவில் கண்டு கவனித்தவர். அந்நூலிலேயே, வாய்நீர் தொண்டையின் பின்புறத்துக்குச் செலுத்தப்படாமையால்தான் வெளியே வழிகிறது என்ற கருத்து இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதைச் சரியாகக் கண்டு எழுதிவிட்டார். நாம் இன்னமும் 'ரொம்ப சுரக்குது' என்கிறோம். நடக்கும்போது கை வீசுவது, இமைப்பது, விழுங்குவது ஆகியவற்றை உடல் நம்மைக் கேளாமலே செய்கிறது. இந்நோயில் முதலில் தளர்வது அத்தகைய செயல்கள்தாம். உறங்கும் நாம் ஓர் இரவில் சில மணி நேரம் அடையும் நிலையை, நடுக்குவாதக்காரர் விழித்திருக்கும்போதே அடைகிறார். வழியும் நீரைப் பொறுத்தவரை, மாலை வண்டியில் உறங்கும் எனக்கும் அப்பாவுக்கும் பெரிய வேறுபாடில்லை.

அவர் உண்ணும் மாத்திரையிலும் நம் ஊரின் வரலாறு கொஞ்சம் கலந்திருக்கிறது. அதன் மூலப்பொருள் எல்-டோப்பா. சித்த மருத்துவத்தில் நரம்புத் தளர்ச்சிக்கு வழங்கிவந்த பூனைக்காலி விதையில் அது இருப்பதைக் கண்டு பிரித்தெடுத்தவர்கள், சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரனும் இராமசாமியும். ஆண்டு 1937. அதன் பயன் அப்போது எவருக்கும் தெரியாது. 1957இல் சுவீடன் அறிஞர் கார்ல்சன், சர்ப்பகந்தியின் சத்தான ரெசர்பினைச் செலுத்தி அசைவற்றுப் போகச்செய்த முயல்களை டோப்பா கொடுத்து எழுப்பினார். நடுக்குவாதத்தில் மூளையில் குறைவது டோப்பமின் என்னும் பொருள் என்பதை 1960இல் ஹார்னிகிவிச் வியன்னாவில் காட்டினார். 1967இல் காட்சியாஸ் என்பவர் அமெரிக்காவில் டோப்பாவை வாய்வழி மருந்தாக, கூடிய அளவில் கொடுத்து நிலைநாட்டினார். கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசும் கிடைத்தது. 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நம் தாம்பரம் சானடோரியத்தில்தான் இருக்கிறது. ஆனால் நண்பர்களே, இதைப் படித்துவிட்டு எவரும் பூனைக்காலி விதையைத் தாமாக வாங்கி அரைத்துவிட வேண்டா. அளவு மிஞ்சினால் தீங்கு. உண்டுவரும் மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் தீங்கு.

எங்களுக்குப் பயன்பட்டவற்றைச் சொல்கிறேன். பேசத் தொடங்கும் முன் ஒருமுறை விழுங்குவது. தலையைத் தொங்கவிடாமல் நிமிர்ந்து உட்கார்வது. இனிப்பற்ற மிட்டாய் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வது; அது இருக்கும்வரை விழுங்கும் நினைவு தானாக வரும். இவற்றை மருத்துவர் சொன்னபோது அப்பா, "விழுங்கறதுக்குக்கூட ஆள் வெச்சு ஞாபகப்படுத்தணுமா?" என்று கேட்டார். நோய் வந்தபின் அவர் நகைச்சுவையாகப் பேசிய சிலவற்றுள் அது ஒன்று. இவற்றுக்கும் கட்டுப்படாதவர்களுக்குச் சுரப்பைக் குறைக்கும் மருந்துகளும், சுரப்பியிலேயே போடும் ஊசியும் உண்டு. அவை மருத்துவர் முடிவுசெய்ய வேண்டியவை. நீர் தவறி மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரல் அழற்சி வரும் என்பதால், உண்ணும்போது அடிக்கடி புரையேறுகிறதா என்று பார்த்துக்கொள்வது கட்டாயம்.

உடல்நலத்தோடு இருப்பவர் உறக்கத்தில் வாய்நீர் வழிவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் உரத்த குறட்டையும், உறக்கத்தில் மூச்சு நின்றுநின்று வருவதும் சேர்ந்திருந்தால் மருத்துவரைக் காணவேண்டும். எப்போதும் வாய் திறந்தே உறங்கும் குழந்தைக்கு மூக்கின் பின்புறத் தசை வளர்ந்திருக்கிறதா என்று காட்டவேண்டும். விழித்திருக்கும் ஒருவருக்குத் திடீரென ஒருபக்க வாயில் மட்டும் நீர் வழிந்து, முகம் கோணி, பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். காத்திராமல் 108ஐ அழைக்கவேண்டும்.

*

2020இல் நோய்த்தொற்றுக் காலம் வந்தது. ஊரே முகக்கவசம் அணிந்தது. அந்த இரண்டாண்டில் அப்பா மட்டும் சற்று மகிழ்ச்சியாக இருந்தார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வாய் மறைந்திருந்தது. மாடிவீட்டாரோடு படிக்கட்டில் நின்று நெடுநேரம் பேசினார். பிறர் கவசத்தைக் கழற்றிய பின்னும் அவர் கழற்றவில்லை. ஈரமான துணிக்கு அடியில் மேலுதடு புண்ணாயிற்று. அப்போதுதான் அவரோடு உட்கார்ந்து, இங்கே எழுதிய யாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லத் தொடங்கினேன். ஆட்டுத்தலைக் கதை அவருக்குப் பிடித்திருந்தது. பெரியாழ்வாரைச் சொன்னபோது, "அது கண்ணனுக்குடா" என்று முடித்துவிட்டார். விருந்தினர் முன் நான் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் அதை நினைவில் வைத்திருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சென்ற மாதம் மருத்துவரைப் பார்க்க எழும்பூர்வரை வண்டியில் போகலாம் என்று அவரே சொன்னார். கவசம் இல்லை; தோளில் துண்டு மட்டும். திரும்பும்போது நண்பகல், கூட்டம் குறைவு. சைதாப்பேட்டையில் கண்ணயர்ந்தவர் மெல்ல என் பக்கம் சாய்ந்தார். பரங்கிமலை தாண்டியபோது என் சட்டைத் தோள் நனைவது தெரிந்தது. எதிரில் இருந்த அம்மையார் ஒருமுறை பார்த்துவிட்டு, கையிலிருந்த பூவைத் தொடுக்கத் தொடங்கினார். வண்டி ஓரிடத்தில் குலுங்கி நின்றது. அப்பா விழித்து, துண்டால் வாயைத் துடைத்தார். சுற்றுமுற்றும் பார்க்கவில்லை.

"குரோம்பேட்டை வந்துடுச்சா?" என்றார்.

"பல்லாவரம்தான் அப்பா. அடுத்ததுதான் நம்மது" என்றேன்.